தென்காசிப் பாண்டியர் – 7: பாண்டியன் மகள்

காஞ்சிபுரத்தில் கிடைத்த சாசனம் ஒன்று, சகம் 1454, அதாவது கி.பி. 1532-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, விஜயநகரச் சக்கரவர்த்தி அச்சுததேவராயர் தென்திசையில் நிறைவேற்றிய காரியங்களைக் கூறுமிடத்து, தாமிரபரணிக் கரையில் ஜயஸ்தம்பம் நாட்டியதையும், திருவடி ராஜ்யம் எனப்பட்ட வேணாட்டின் மன்னரிடம் கப்பம் பெற்றதையும், பாண்டியன் மகளை மணந்ததையும் ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்லிவிடுகிறது. தூண் நாட்டியதற்கும் கப்பம் வாங்கியதற்கும் பக்கத்தில் ஒரு கன்னிகையின் விவாகத்தை வைத்தெண்ணிய அந்தச் சாசன கர்த்தருக்கு இம்மூன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்த வெற்றிகளாகவே தோன்றியிருக்கின்றன. நமக்கோ, தென்காசியிலிருந்து ஆண்ட பிற்காலப் பாண்டியரின் சரித்திரத்தைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு, அம்மூன்றனுள் நிலைத்த பயனைத் தந்தது மூன்றாவது ஒன்றுதான் என்று சொல்வதற்கு நியாயம் இருக்கிறது.

சென்ற இதழில் அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446-இல் காசி விசுவநாதர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியதையும், 1457-இல் தொடங்கிய இராஜகோபுரத்தைத் தம் வாழ்நாளுக்குள் முடித்துக் காணாமல், அவருடைய தம்பியார் குலசேகர பாண்டியர் அப்பணியை நிறைவேற்றியதையும் கண்டோம். தமக்குப் பின்னால் இக்கோயிலைக் காத்து நிற்போர் யாவராயினும் அவர் பாதங்களில் தாம் விழுந்து வணங்குவதாக, முடிசூடிய மன்னர் ஒருவர் கல்லிலே வெட்டிவைத்த விண்ணப்பத்தையும் நினைவுபடுத்திக்கொள்ளலாம். மதுரையை இழந்து, மாலிக் காபூரின் படையெடுப்பையும் அதன் பின்வந்த சுல்தான்களின் ஆட்சியையும் கண்டு, குமார கம்பணரின் வெற்றிக்குப் பிறகும் பழைய தலைநகருக்குத் திரும்பி ஆளும் பேறு பெறாமல், பொதிய மலைச் சாரலிலே ஒதுங்கிய ஒரு குலத்தின் குரல் அது. தம்மால் மட்டும் காத்துவிட முடியும் என்ற நம்பிக்கை உடையவர் அப்படி எழுதமாட்டார். பராக்கிரமருக்குப் பின் எழுபது ஆண்டுகளுக்குள் அந்த ஐயம் மெய்யாகிவிட்டது.

அது மெய்யான விதத்தை அறிவதற்கு நிலத்தின் அமைப்பை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி மேற்கே நிமிர்ந்து பார்ப்பவர்களுக்குத் திரிகூட மலை வானத்தை மறைத்து எழுப்பிய ஒரு மதில் என்றே தோன்றும். ஆனால் அந்த மதிலில் ஒரு வாசல் உண்டு. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஏறி இறங்கினால் கொல்லத்துத் துறைமுகம் வரையில் தடையில்லாத பாதை. தென்மேல்பருவக் காற்று எந்த வழியாகப் புகுந்து தென்காசிக் கோபுர வாசலில் நிற்போரின் மேல்துண்டைப் பறிக்கிறதோ, அந்த வழியாகத்தான் மிளகும் பொதிமாடுகளும் வந்தன, படைகளும் வந்தன. இன்னும் தெற்கே ஆரல்வாய்மொழியில் மற்றொரு வாசல். இரண்டு வாசல்களுக்கும் அப்பால் வேணாடு; இப்பால் சிற்றாறும் தாமிரபரணியும் பாயும் நெல்வயல்கள். மலைக்கு மேற்கே நெல் குறைவு, மிளகு மிகுதி. கிழக்கே நெல் மிகுதி, அதற்கும் கிழக்கே முத்துக் குளிக்கும் கடல். வேணாட்டு அரசர் மலையைத் தாண்டி இறங்க விரும்பியதற்கு இதனினும் பெரிய காரணம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்து ஊராகவே இருந்துவந்ததென்பது, அந்த இறங்குதல் எவ்வளவு நீண்ட சரித்திரம் உடையது என்பதைக் காட்டும்.

இந்த மலைகளின் மிளகு ஒருகாலத்தில் ரோமாபுரியின் உயிருக்கு விலையாக நிறுக்கப்பட்டது. கி.பி. 408-இல் காத்தியர்களின் தலைவன் அலாரிக் அந்நகரை முற்றுகையிட்டு, விலகிச் செல்வதற்குக் கேட்ட பொருள்களில் ஐயாயிரம் ராத்தல் பொன்னும் முப்பதினாயிரம் ராத்தல் வெள்ளியும் நாலாயிரம் பட்டுச் சட்டைகளும் சேர்ந்தன. அவற்றோடு மூவாயிரம் ராத்தல் மிளகும் சேர்ந்தது. அர்க்காடியஸ், ஹொனோரியஸ் என்னும் சகோதரச் சக்கரவர்த்திகளின் காலத்துச் சிறு செப்புக் காசுகள் மதுரையிலும் கரூரிலும் கிடைப்பதால், நம் நாட்டுக்கு அந்தக் கடைசிக் கால ரோமாபுரி முற்றிலும் அந்நியம் என்று சொல்வதற்கில்லை. அந்த ஹொனோரியஸின் அரண்மனையில் நிகழ்ந்த விவாகங்களைச் சற்றே பார்த்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்புவது, நம் பாண்டியன் மகளின் கதைக்கு வெளிச்சம் தரும் என்று கருதுகிறேன்.

பேரரசர் தியோடோசியஸ் 395-இல் காலமானபோது இளைய மகன் ஹொனோரியஸ் பத்து வயதுப் பாலகன். மேற்கு ராஜ்யத்தின் பாரமெல்லாம் ஸ்டிலிக்கோ என்னும் சேனாபதியின் தோளில் விழுந்தது. தந்தை வழியில் வாண்டல் இனத்தவனாகிய இவனுக்கு அரண்மனையில் கிடைத்த பிடிமானம், சக்கரவர்த்தி தம் மகளைப் போல் வளர்த்த சகோதரன் மகள் செரீனாவை மணந்திருந்ததுதான். அந்தப் பிடியை இன்னும் இறுக்கிக்கொள்ள அவன் தன் மூத்த மகள் மரியாவை 398-இல் ஹொனோரியஸுக்குக் கொடுத்தான். அவள் பிள்ளையில்லாமல் இறந்ததும் இளையவள் தெர்மாந்தியாவைக் கொடுத்தான். மாமனாராகிவிட்டால் மருமகன் கைவிடமாட்டான் என்ற கணக்கு 408-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பொய்த்தது. ஸ்டிலிக்கோ சிரச்சேதம் செய்யப்பட்டான். தெர்மாந்தியா தாயிடம் திருப்பி அனுப்பப்பட்டாள். அலாரிக்கின் முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த ரோமாபுரிச் சபையார், எதிரிக்கு உளவாகிவிடுவாள் என்ற சந்தேகத்தால் செரீனாவையும் கொன்றனர். அதற்குச் சம்மதம் தந்தவர்களில் ஒருத்தி அவளுடைய பராமரிப்பில் வளர்ந்தவளும் ஹொனோரியஸின் தங்கையுமாகிய கல்லா பிளாசிடியா.

இந்தப் பிளாசிடியாவின் வாழ்க்கையைப் போல் விசித்திரமான ஒன்றை எந்த நாட்டு அந்தப்புரச் சரித்திரத்திலும் காண்பது அரிது. 410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட காலத்தில் காத்தியரின் கைதியானாள். அலாரிக்குக்குப் பின் தலைவனான அவன் மைத்துனன் அதௌல்ஃப், 414-ஆம் ஆண்டு ஜனவரியில் நார்போன் நகரத்துப் பெரிய மனிதர் ஒருவரின் மாளிகையில் அவளை முறைப்படி மணந்தான். மணமகள் அரசகோலத்தில் உயர்ந்த ஆசனத்தில் இருந்தாள். மணமகன் தன் குலத்தாரின் தோலாடையைக் களைந்துவிட்டு ரோமச் சேனாபதியின் மேலங்கியுடன் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தான். பட்டுடுத்த ஐம்பது இளைஞர்கள், ஆளுக்கு இரண்டு தட்டுகளாக, ஒன்றில் பொன்னும் மற்றொன்றில் இரத்தினங்களும் நிரப்பி ஏந்திவந்து அவள் முன் வைத்தார்கள். அவையெல்லாம் அவளுடைய நகரத்திலேயே கொள்ளையடித்தவை. மங்கலப் பாட்டை முதலில் பாடியவன், காத்தியர்களே சிலநாள் சக்கரவர்த்தியாக வைத்துப் பிறகு தள்ளிவிட்ட அட்டாலஸ். மறு ஆண்டே அதௌல்ஃப் கொலையுண்டான். பிறந்த மகனும் பார்சிலோனாவில் இறந்தான். 416-இல் ஆறு லட்சம் மரக்கால் தானியத்தை வாங்கிக்கொண்டு காத்தியர் அவளைத் திருப்பித் தந்தனர். 417 ஜனவரி முதல் நாள், அவளுடைய விருப்பத்துக்கு மாறாக, சேனாபதி கான்ஸ்டான்டியஸுக்கு அண்ணன் அவளைத் தாரை வார்த்தான். அந்த மணத்தில் பிறந்த மூன்றாம் வாலன்டீனியன் 425-இல் ஆறு வயதுச் சக்கரவர்த்தியானபோது, ராஜ்யத்தைத் தாயாகிய பிளாசிடியா பல ஆண்டுகள் நடத்தினாள். அவள் முகத்தைப் பொறித்த பொற்காசுகள் இன்றும் இருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது பெண் கொடுக்கப்பட்ட திசை. ரோமாபுரியில் அரசகுலத்துப் பெண், பலம் படைத்த ஆனால் குலம் குறைந்த சேனாபதிக்குச் சென்றாள். அவளுடைய இரத்தம் அவனுக்கு உரிமையைத் தந்தது. ஆகவே அவளே உரிமையின் ஊற்றாகி, பெயரும் காசும் பெற்றாள். தென்காசியில் நிகழ்ந்தது பழைய குலம் தன்னைவிடப் பலமான சக்கரவர்த்திக்குப் பெண் கொடுத்த காரியம். எனினும் அங்கேயும் இரத்தத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதைப் பின்னால் காண்போம்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேணாட்டை ஆண்டவர் பூதலவீர உதயமார்த்தாண்டவர்மர். தெற்குக் கணவாயைக் கடந்து களக்காடு, சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களையெல்லாம் தம் ஆணையின்கீழ்க் கொண்டுவந்து, களக்காட்டிலேயே அரண்மனை அமைத்துத் தங்கினார். களக்காட்டுக்குச் சோழகுலவல்லிபுரம் என்று பெயர் வழங்கிற்று. சோழகுலவல்லி என்னும் சோழ ராஜகுமாரியை அவர் மணந்தாரென்றும், களக்காட்டுச் சீமை அவளுக்குச் சீதனமாக வந்ததென்றும் வேணாட்டு வரலாற்றை எழுதியோர் கூறுவர். சோழப் பேரரசு மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த காலத்தில் அந்தக் குலத்தின் பெயரால் ஒரு பெண்ணை மணப்பதும், அவள் பெயரை ஓர் ஊருக்கு இடுவதும் மன்னர் ஒருவருக்கு வேண்டியிருந்தன. தமிழ்நாட்டுச் சமவெளியை ஆளுவதற்குப் படைபலம் மட்டும் போதாதென்று உதயமார்த்தாண்டவர்மர் உணர்ந்திருந்தார் என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

அப்படியானால், பக்கத்து வீட்டுக்காரராகிய வேணாட்டாருக்கே பெண் கொடுத்து உறவு கொண்டாடிப் பாண்டியர் பிழைத்திருக்கலாகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். முன்னரே அது செய்து பார்த்த காரியந்தான். கொல்லத்து ரவிவர்ம குலசேகரர் பாண்டிய ராஜகுமாரி ஒருத்தியை மணந்தவர். ஆயினும் பாண்டிய சகோதரர்கள் தம்முள் போரிட்டு, மாலிக் காபூரும் வந்துபோன குழப்பத்தில், அவர் அந்த உறவை எண்ணிக் கை கட்டிக்கொண்டிருக்கவில்லை. பாண்டிய நாட்டின் ஊடே படை நடத்திச் சென்று, காஞ்சிபுரத்தில் வேகவதிக் கரையில் வீராபிஷேகமும் செய்துகொண்டார். இது மனிதரின் குணத்தைப் பொறுத்தது மட்டுமன்று, முறையையும் பொறுத்தது. வேணாட்டில் மருமக்கள்தாயம். மன்னனுக்குப் பின் அரசு அவன் சகோதரியின் மகனுக்குப் போகும். அந்த நாட்டு மன்னனுக்குப் பெண் கொடுத்தால், நம் பெண் வயிற்றுப் பேரன் அரியணை ஏறுவான் என்று பாட்டனார் ஆசைப்படுவதற்கு இடமில்லை. கொடுத்த பெண்ணின் வழியாக வரும் பிடிமானம் அந்த ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடும். வடக்கே விஜயநகரத்திலோ தந்தைக்குப் பின் மகன் என்ற தாயமுறை. பாண்டியன் கண்கள் மேற்கே செல்லாமல் வடக்கே சென்றதற்கு இதையும் ஒரு காரணமாக நான் கருதுகிறேன்.

விஜயநகரத்தில் 1529-இல் கிருஷ்ணதேவராயர் காலமானார். அவருடைய ஆண் குழந்தை பதினெட்டு மாதச் சிசு. சந்திரகிரிக் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த தம்பி அச்சுதரே அடுத்து ஆளவேண்டும் என்பது மறைந்த மன்னரின் கருத்து. ஆனால் கிருஷ்ணதேவராயரின் மகளை மணந்து, அதனாலேயே ‘அளிய’ ராமராயர், அதாவது மாப்பிள்ளை ராமராயர், என்று வழங்கப்பட்டவர் சிசுவின் பெயரால் தாமே ஆள எண்ணினார். இங்கேயும் ஒரு விவாகமே உரிமைக்கு வாதமாயிற்று. அச்சுதர் திருப்பதியிலும் காளத்தியிலும் முடிசூடிக்கொண்டு தலைநகர் சேர்வதற்குள், அவர் பக்கம் நின்று காரியத்தை முடித்தவர்களுள் முக்கியமானவர் சோழ மண்டலத்தை ஆண்டுவந்த செல்லப்பர் என்னும் சாளுவ வீரநரசிம்மர். அரசரை உண்டாக்கியவர்கள் அரசரோடு நெடுநாள் ஒத்துப்போவது கடினம். இரண்டாண்டுகளுக்குள் செல்லப்பர் கலகக் கொடி தூக்கினார். பரமக்குடித் தும்பிச்சி நாயக்கர் அவரோடு சேர்ந்தார். இருவரும் தஞ்சம் புகுந்த இடம் உதயமார்த்தாண்டவர்மரின் திருவடி ராஜ்யம். பாண்டியனின் நிலத்தைப் பிடித்துக்கொண்டவரே சக்கரவர்த்தியின் துரோகிகளுக்கும் புகலிடம் அளித்ததால், தென்காசியின் துயரம் ஒரே நாளில் விஜயநகரத்தின் வழக்காகிவிட்டது. பாண்டியனுக்கு இது தெய்வமே கொண்டுவந்த தருணம்.

அச்சுதராயரின் தென்திசைப் படையெடுப்பை இராஜநாத டிண்டிமர் ‘அச்சுதராயாப்யுதயம்’ என்னும் வடமொழிக் காவியத்தில் விரித்துரைக்கிறார். திருப்பதி, காளத்தி, காஞ்சி, திருவண்ணாமலை என்று க்ஷேத்திரங்களை வணங்கிக்கொண்டே திருவரங்கம் வந்த அரசர் அங்கேயே தங்கிவிட்டார். அங்கிருந்து தெற்கே படையை நடத்திச் சென்றவர் அரசி வரதாம்பிகையின் உடன்பிறந்தவராகிய சலகராஜு திருமலை. மதுரையைக் கடந்து தாமிரபரணியில் பாசறை இறக்கி, மலையடிவாரத்தில் நிகழ்ந்த போரில் திருவடி மன்னரை வென்று, யானைகளையும் குதிரைகளையும் திறையாகப் பெற்று, செல்லப்பரையும் தும்பிச்சியையும் கைப்பற்றினார். பாண்டியனுக்கு அவனுடைய நிலம் மீண்டது. சிற்றாற்று நீர் குற்றாலத்தில் விழுந்து தென்காசியைத் தழுவி ஓடிச் சீவலப்பேரிக்கருகே தாமிரபரணியில் கலப்பது யாவரும் அறிந்தது. அந்தத் தாமிரபரணியின் கரையில்தான் ஜயஸ்தம்பம் நாட்டினார்கள். பிறகு சேனாபதி அனந்தசயனத்தையும் இராமேசுவரத்தையும் தரிசித்துத் திருவரங்கத்துக்குத் திரும்பினார்.

பாண்டியர் ஸ்ரீவல்லபர் தம் மகளை அச்சுதராயருக்குக் கொடுத்தது இந்த வெற்றியின் பின்விளைவு. போரில் தோற்றவன் பெண் கொடுப்பது ஒன்று; போரால் பிழைத்தவன் பெண் கொடுப்பது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் கலிங்கத்துக் கஜபதி பிரதாபருத்திரர் கிருஷ்ணதேவராயரிடம் தோற்று, சமாதானத்துக்காகத் தம் மகளைக் கொடுத்தார். அந்த விவாகம் கசப்பாகவே முடிந்ததென்று மரபு கூறும். ஸ்ரீவல்லபரின் கொடையில் அந்தப் பகையின் நிழல் இல்லை. நன்றியும் இருந்திருக்கும், அதைவிட மிகுதியாக முன்யோசனை இருந்திருக்கும். விஜயநகரப் படை என்றைக்கும் தாமிரபரணிக் கரையில் நிற்கப்போவதில்லை. அது வடக்கே திரும்பிய மறுநாளே ஆரல்வாய்மொழி வாசல் மறுபடியும் திறக்கும். சக்கரவர்த்தியின் சேவகராக நிற்பவருக்கு உதவிப் படை வரலாம், வராமலும் இருக்கலாம். அவருடைய மாமனாராக நிற்பவருடைய நிலத்தில் கை வைப்பவன் சக்கரவர்த்தியின் வீட்டிலேயே கை வைத்தவனாவான். இதைத் திருவடி மன்னரும் நன்றாக அறிந்திருப்பார்.

அச்சுதராயர் பக்கத்திலும் ஆதாயம் இல்லாமல் இல்லை. துளுவ வம்சம் அரியணையேறி முப்பது ஆண்டுகள்கூட நிரம்பாத காலம் அது. அச்சுதரின் தந்தை நரச நாயக்கர் சாளுவ அரசரின் சேனாபதியாக இருந்தவர். மூத்த அண்ணன் வீரநரசிம்மர் 1505-இல்தான் தம் பெயரால் முடிசூடினார். சாசனங்களில் தங்களைச் சந்திரவம்சத்தார் என்று துளுவர் பாராட்டிக்கொண்டார்கள். பாண்டியரும் சந்திரவம்சத்தாரே, ஆனால் அதைச் சங்ககாலம் தொட்டு யாரும் மறுத்துக் கேட்டதில்லை. தென்காசி என்னும் சிறிய ஊரில் சிறிய நிலத்தை ஆண்டிருந்த அந்தக் குடும்பம், கொற்கை முத்தும் மதுரைத் தமிழும் மீன் கொடியும் சேர்த்துவைத்த பழம்பெருமையைத் தன் வீட்டுப் பெண்ணின் நெற்றியில் பொட்டாக இட்டு அனுப்பிற்று. பிளாசிடியாவைக் கைப்பிடித்த அதௌல்ஃப் எதை விரும்பினானோ அதன் ஓர் அம்சத்தை அச்சுதராயரும் விரும்பியிருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சம்பந்தத்தில் மனத்தை உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. பாண்டியனுக்காக வெற்றியை ஈட்டிக் கொடுத்தவர் பட்டத்தரசியின் உடன்பிறந்தவர். அந்த வெற்றியின் பலனாக அவருடைய சகோதரிக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். சலகராஜு சகோதரர்கள் இதனைத் தடுக்க முயன்றதாகச் செய்தி ஏதும் இல்லை. தடுக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. காஞ்சிபுரத்தில் சக்கரவர்த்தி முத்துத் துலாபாரம் நிறுத்தபோது, தராசுத் தட்டொன்றில் அரசரும் மறுதட்டில் பாண்டியக் கடல் முதலிய கடல்களின் முத்துக்களும் குவிந்திருக்க, உடனிருந்தவர்களாகச் சாசனம் சொல்வது வரதாதேவி அம்மனையும் இளவரசன் வேங்கடாத்திரியையுந்தான். பட்டத்துக்குரிய மகன் வரதாம்பிகையின் வயிற்றில் பிறந்துவிட்டான். அவளுடைய ஸ்தானத்துக்கு எந்தக் குறைவும் நேரவில்லை. அவளுடைய விவாகத்தையே பொருளாகக் கொண்டு, அதே அரசவையைச் சேர்ந்த திருமலாம்பா என்னும் பெண் கவி ‘வரதாம்பிகா பரிணய சம்பு’ என்ற வடமொழி நூலை இயற்றினாள். அச்சுதரும் வரதாம்பிகையும் கண்டு காதலித்ததிலிருந்து வேங்கடாத்திரிக்கு இளவரசுப் பட்டம் சூட்டியது வரையில் அதில் வருகிறது. ஒரே மன்னருக்கு மாலையிட்ட இருவரில் ஒருத்திக்கு ஒரு பெண்ணே எழுதிய முழுக் காவியம். மற்றவளுக்குக் காஞ்சிக் கல்லில் ஒரு தொடர். அந்தத் தொடரிலும் அவள் பாண்டியன் மகள்தான். ரோமாபுரிக்காரர்கள் பிளாசிடியாவின் பெயரைக் காசில் பொறித்தார்கள், வேணாட்டார் சோழகுலவல்லியின் பெயரை ஓர் ஊருக்கு இட்டார்கள். தன் குலம் இன்னும் மூன்று தலைமுறை முடிதரித்து ஆள்வதற்கு எவள் காரணமோ, அவளுக்குப் பாண்டிய நாட்டில் ஒரு மண்டபமாவது, ஒரு சதுர்வேதிமங்கலமாவது அவள் பெயரால் வழங்கியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம், தென்காசிக் கோயிலின் தூண்தோறும் நின்று சாசனங்களைப் படித்து வருகிறவனுக்கு எழாமல் இருக்காது.

ஸ்ரீவல்லபர் 1534-இல் முடிசூடினார். ‘இறந்தகாலம் எடுத்த’ என்பது அவர் பூண்ட விருது. போய்விட்ட நல்ல காலத்தை மீட்டுக்கொண்டு வந்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. அவர் ஆண்ட 1543 வரையிலான காலத்தில் வேணாட்டின் தொல்லை முன்போல் இல்லை.

ஆனால் எந்த அரண்மனையின் உறவு அவருக்கு அரணாயிருந்ததோ அந்த அரண்மனை 1542-இல் இரத்தத்தில் மூழ்கியது. அச்சுதராயர் மறைந்தார். இளம் பாலகன் வேங்கடன் பெயரளவில் அரசனானான். ராஜ்யத்தை நடத்துவது தாய்மாமன் பொறுப்பு. நம் நாட்டில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவதும், தாய்மாமன் சீர் வந்த பிறகே சடங்கு தொடங்குவதும் எதற்காக? தந்தையில்லாத இடத்தில் தாங்கி நிற்பவர் அவர் என்பதற்காகவே. மலைக்கு மேற்கே ராஜ்யமே தாய்மாமனிடமிருந்து வருகிறது. அப்படிப்பட்ட ஸ்தானத்தில் இருந்த சலகராஜு சின்னத் திருமலை தன் மருமானைக் கொன்றுவிட்டுத் தானே சிம்மாசனம் ஏறினான். ரிக்கிமர் என்னும் சேனாபதி 467-இல் சக்கரவர்த்தி ஆந்தீமியஸின் மகள் அலிப்பியாவை மணந்தபோது ரோமாபுரி முழுவதும் வேலை நின்று விழாக்கோலம் பூண்டிருந்ததை, அப்போது அந்நகர் வந்திருந்த சிடோனியஸ் தம் கடிதத்தில் வருணிக்கிறார். ஐந்தே ஆண்டில் அந்த மாப்பிள்ளை மாமனாரை அதே நகரத்தில் முற்றுகையிட்டுக் கொல்வித்தான். அதிகாரத்துக்காக உண்டான உறவு, அதிகாரம் கைக்கு எட்டியவுடன் இற்றுப்போகிறது என்பதற்கு இவை இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. கண்டி ராஜ்யத்தில் 1739-இல் பட்டத்தரசியின் தம்பி, மதுரை நாயக்கர் வழியினர், யாரையும் கொல்லாமலே அரசுக்கு வந்ததும் உண்டு. மைத்துனர்கள் எல்லாரும் சலகராஜுக்கள் அல்லர்.

சலகராஜுவை ஒழித்தவர் மாப்பிள்ளை ராமராயர். அச்சுதரின் உறவினராகிய சதாசிவரைச் சிம்மாசனத்தில் அமர்த்தி, ஆட்சியைத் தம் கையில் வைத்துக்கொண்டார். தென்காசிக்கு இப்போது சக்கரவர்த்தி வீட்டில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. மாமனாரும் மருமகனும் அடுத்தடுத்து மறைந்துவிட்டார்கள். இருந்தும் 1544-இல் ராமராயரின் உறவினர் விட்டலர் பெரும்படையுடன் கன்னியாகுமரி வரையில் வந்து வேணாட்டை மறுபடியும் பணியவைத்தார். முத்துக் கடற்கரையின் பரதவர்கள் அந்த வடுகப் படைக்கு அஞ்சிக் கடற்பாறைகளில் ஒதுங்கியதைப் புனித சவேரியார் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். விவாகத்தினால் உண்டான சம்பந்தம் அறுந்த பிறகும், தாமிரபரணிக் கரையில் பாண்டியனை நிறுத்திவைப்பது விஜயநகரத்தின் ராஜதந்திரமாகவே ஊன்றிவிட்டிருந்தது. பெண் கொடுத்த பயன் பெண்ணின் வாழ்நாளையும் கடந்து நின்றது.

அந்தப் பாதுகாப்பின் நிழலில் வளர்ந்த பாண்டியர் வாளைவிட எழுத்தாணியைச் சிறப்பாகப் பிடித்தார்கள். 1564-இல் முடிசூடிய அதிவீரராம பாண்டியர் காசிகாண்டத்தையும் கூர்ம புராணத்தையும் தமிழில் தந்தார். குழந்தைகள் ஓதும் வெற்றிவேற்கையும் அவருடையதே. அவருடைய நூல்களுள் புலவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது நைடதம். தேவர்கள் நால்வர் நளனுடைய உருவிலேயே வந்து வரிசையாக அமர்ந்திருக்க, தமயந்தி தன் கண்ணாலும் கருத்தாலும் உண்மை நளனைத் தேர்ந்து மாலையிடும் சுயம்வரக் கதை அது. தன் முன்னோர் வீட்டுப் பெண் ஒருத்தி யாரையும் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லாமல் வடக்கே சென்ற முப்பது ஆண்டுகளுக்குப் பின் பட்டமேறிய மன்னர், தானே கணவனைத் தேர்ந்துகொள்ளும் பெண்ணின் கதையைப் பாடினார்.

அதிவீரராமர் முடிசூடிய மறு ஆண்டு, 1565 ஜனவரி 23-ஆம் நாள், தலைக்கோட்டைப் போரில் முதியவர் ராமராயர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விஜயநகரம் பாழாயிற்று. தாமிரபரணிக் கரையில் நாட்டிய ஜயஸ்தம்பத்துக்கு உரியவர்கள் பெனுகொண்டாவுக்கு ஓடிய பின், தென்காசி யாரை நோக்கிக் கைகூப்ப வேண்டியிருந்தது என்பதையும், மதுரை நாயக்கர்களுக்கும் அதிவீரராமருக்கும், அவருடைய உறவினரும் கரிவலம்வந்தநல்லூரைப் பாடிய புலவருமாகிய வரதுங்கராமருக்கும் இடையே நடந்தவற்றையும் அடுத்த இதழில் எழுதுவேன்.

(தொடரும்)